சுருளியின் பரீட்சைச் சட்டை

சுருளியிடம் நல்ல சட்டை என்று ஒன்றுதான் இருந்தது. மகள் நாகஜோதி கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. அதைக் கோயிலுக்குப் போட மாட்டார், விசேஷ வீட்டுக்கும் போட மாட்டார். பரீட்சைக்கு மட்டும்தான் போடுவார். அவர் எழுதுகிற பரீட்சை இல்லை. கோம்பைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கும்போது, அவர்கள் பார்த்துச் சொல்வதற்கு நோயாளிகள் வேண்டுமே, அப்படி ஒரு நோயாளியாகக் கட்டிலில் படுத்து நெஞ்சைக் காட்டப் போவார்.

அந்த நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாராம். அது விட்டுவிட்டுப் போன வினை. வெகுகாலம் அது வெளியே தெரியவில்லை. உத்தமபாளையத்தில் உமர் பாருக் பாயின் தேங்காய்க் கிட்டங்கியில் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். தரையில் நட்ட பாரையில் காயை ஓங்கிக் குத்தி, வலது கையால் ஒரு திருகு திருகினால் மட்டை வாயைப் பிளக்கும். லாரியிலிருந்து இறக்கிக் குவித்த காயை மத்தியானச் சோற்றுக்குள் உரித்துத் தள்ளிவிடுவார். "இவன் கையி என்ன கையா, மெசினா?" என்று வருகிறவர்களிடம் பாய் காட்டுவார். சுருளிக்கு அதைக் கேட்பதில் ஒரு கிறுக்கு. பாய் சொல்லி முடித்ததும் இன்னும் ரெண்டு காயை வேகமாக உரித்துப் போடுவார்.

2003-ம் வருசத்து ஐப்பசி மழையில்தான் மூச்சு முட்டியது. காயைத் தூக்கினால் முட்டியது, பிறகு நடந்தால் முட்டியது, பிறகு சும்மா படுத்தாலே முட்டியது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். கால் ரெண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அவர் சம்சாரம் ஜக்கம்மா, திராட்சைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, அவரைப் பஸ் ஏற்றித் தேனி ரோட்டில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏதோ ஓர் அறக்கட்டளைக்காரர்கள் ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் ஆரம்பித்த கல்லூரி அது.

அங்கே சின்ன டாக்டர் ஒருவர் இருந்தார், கார்த்திக்ராஜ் என்று பெயர். சிரித்த முகம். அவர்தான் சுருளியின் நெஞ்சில் முதலில் குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏய், எல்லாரும் ஓடி வாங்கப்பா. இந்த மாதிரிச் சத்தம் உங்களுக்கு மறுபடி கெடைக்காது."

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் குழாயை வைத்துக் கேட்டார்கள். கேட்டவன் கேட்காதவனிடம் கண்ணைக் காட்டினான். கழுத்து நரம்பைப் பார்த்தார்கள், வயிற்றில் கையை வைத்து ஈரலைத் தேடினார்கள், காலை அமுக்கிக் குழியைப் பார்த்தார்கள். ஜக்கம்மா பயந்துபோய், "ஏய்யா, இம்புட்டுப் பேரு வந்து பாக்குறாகளே, பொழைக்க மாட்டாரா?" என்று அழுதாள்.

"அட, அழாதம்மா. ஒம் புருசனுக்கு இருக்கிறது புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே அச்சு அசலா இருக்கு. அதான் பிள்ளைகளுக்குக் காட்டுறேன்."

ஒரு வாரம் ஊசி போட்டு, நீரை இறக்கி, மாத்திரைகள் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று தினுசு மாத்திரை. ஒன்று நீர் பிரிவதற்கு, ஒன்று நெஞ்சு தாறுமாறாக ஓடாமல் இருக்க, ஒன்று ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க. எது எதற்கு என்று கடகடவென்று சொன்னார்கள். சுருளி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவர் மனசில் நின்றது ஒன்றுதான்: வீக்க மாத்திரை. மூன்றையும் சேர்த்தே அந்தப் பேரால்தான் அவர் சொன்னார். மதுரைக்குப் போனால் அந்த வால்வையே விரித்து விடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். "பெறகு பாப்போம்யா" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். கிட்டங்கியில் அவருக்கு வேலை இல்லை. பாய் நல்ல மனுசர், வந்து உட்காரச் சொன்னார். சுருளி ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, தன் பாரையில் வேறொருவன் காய் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஒச்சாண்டி. வாய்த் துடுக்கு உண்டு.

"என்ன மாமா, சூப்பர்வைசர் வேல எப்படி இருக்கு?"

"ஏலே, அந்தக் காய நெட்டுக் குத்தாதடா, சாச்சுக் குத்து."

"குத்துனது குத்தியாச்சு. நீங்க மூச்ச விட்டுப்பிட்டுப் பேசுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சுருளியும் சிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜக்கம்மா திராட்சைக் கறை படிந்த கையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அவள் வாய் திறந்து ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை. சோற்றை வைத்துவிட்டு, "கை கழுவு" என்பாள், அவ்வளவுதான். சம்பாதித்துப் போட்ட நாளில் அவளோடு சண்டை போட்டவர் சுருளி. இப்போது சண்டை போடக்கூட ஒரு தோது இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் பரீட்சைக்கு ஆள் அனுப்பினார்கள்.

கல்லூரி வண்டி கோம்பைக்கே வந்தது. தெருவில் நாய்களெல்லாம் குரைத்து, பிள்ளைகள் கூடி, யார் வீட்டுக்கு வண்டி என்று பார்த்தார்கள். சுருளி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். கல்லூரியில் சலவை விரிப்புப் போட்ட கட்டில். டிபன், காபி, மத்தியானம் சாப்பாடு. முகம் வெளிறிப்போன பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து, "ஐயா, வணக்கம் ஐயா" என்று கும்பிட்டார்கள். "கொஞ்சம் எடது பக்கம் திரும்பிப் படுக்கிறீங்களா ஐயா?" அவர் சட்டைப் பித்தானைத் தானே கழற்றி, தானே திரும்பிக் கொடுத்தார். ஒரு பயல் பெரிய டாக்டர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துக் குனிந்து, "ஐயா, கும்பிடுறேன், என்ன வியாதின்னு மட்டும் சொல்லிருங்க" என்றான். "நல்லாக் கேளு சாமி, கேக்கும்" என்று சுருளி அவனுக்குத் தைரியம் சொன்னார். வெளியூரிலிருந்து வந்த பெரிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கார்த்திக்ராஜைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாய் வருகிறவர்களிடம் காட்டும்போது அவர்கள் ஆட்டுவார்களே, அதே ஆட்டல்.

திரும்பி வந்து ஒரு மாசம் அந்தக் கதையையே சொன்னார். ஒச்சாண்டிகூட வாயை மூடிக்கொண்டு கேட்டான். "மெட்ராசுலேர்ந்து வந்தாக. எங்கிட்டத்தான் ரொம்ப நேரம் நின்னாக." மதுரைக்குப் போய் வால்வை விரிக்கிற பேச்சை அத்தோடு அவர் எடுக்கவே இல்லை. விரித்துவிட்டால் அந்தச் சத்தம் போய்விடுமே.

2006-ல் மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்த வருசம் ஜக்கம்மா அவரை விடவில்லை. வேளை தவறாமல் மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்கும் வரை நின்று பார்த்தாள். கால் வற்றிவிட்டது. படுத்துத் தூங்க முடிந்தது. வெள்ளைச் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பரீட்சை அன்று காலையில் கார்த்திக்ராஜ் வந்து காலை அமுக்கிப் பார்த்தார். குழி விழவில்லை.

"என்னய்யா பெருசு, எல்லாம் வத்திப் போச்சு? போன தடவ எவ்வளவு நல்லா இருந்துச்சு! ஈரல் கூடத் தட்டுப்பட மாட்டேங்குது." விளையாட்டுக்குத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டரிடம், "இவர ஓரத்துக் கட்டிலுக்கு மாத்திரலாம். மயிலாடும்பாறைக்காரர இங்க போடுங்க" என்றார்.

மயிலாடும்பாறைக்காரருக்கு வயிறு பானை மாதிரி இருந்தது. அவரைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். பெரிய டாக்டர் அங்கேதான் தலையை ஆட்டினார். சுருளி ஓரத்தில் ஜன்னல் பக்கம் சட்டைப் பித்தானைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருத்தர் ரெண்டு பேர் வந்து அவசரமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அவரே பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வண்டியில் முன் சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

வீட்டில் ஜக்கம்மா கேட்டாள், "என்ன, கலெக்டரு பரீட்சையெல்லாம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவருசம் தை மாசம் நாகஜோதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மருமகன் வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. வீட்டுக்கு ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அவள் வயிற்றில் பிள்ளை உதைத்தால், "அப்பா, இங்கன கைய வச்சுப் பாருங்க" என்று அவர் வலது கையை எடுத்து வைப்பாள். அந்தக் காய்ப்புக் காய்த்த கையில் உள்ளேயிருந்து ஓர் இடி விழும். சுருளிக்குச் சிரிப்பு வரும். பேரப் பிள்ளை என்கிறது வெளியே வருவதற்கு முன்னாலேயே ஆளை அப்படித்தான் கோமாளி ஆக்கிவிடுகிறது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவரின் குணமும் திடமும் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் யாரை விட்டு வைப்பது என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கும். ஒருநாள் சாப்பிடும்போது நாகஜோதி சொன்னாள்:

"எம் பிள்ளைக்கு அப்பாதான் சேன வைக்கணும்."

ஜக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மூச்சு வாங்குற மனுசன வச்சா? நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு இழுப்பு வந்தா ஒம் மாமியா என்னயத்தான் கேப்பா."

"கேட்டா கேக்கட்டும். அப்பா கையில உரிக்காத காயா? அந்தக் கைதான் எனக்கு வேணும்."

சுருளி நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து கூழாகிவிட்டது.

ஜக்கம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, மொதல்ல ஆசுபத்திரிப் படிய மூச்சு வாங்காம ஏறி வரட்டும். பெறகு பாப்போம்."

அதற்கு அடுத்த வாரம் பரீட்சைக்குச் சொல்லி அனுப்பினார்கள். பரீட்சை மாசிக் கடைசி. பிரசவம் பங்குனி நடுவில் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். சுருளி ராவும் பகலும் அதை நினைத்தார். ஓரத்துக் கட்டில் அவர் கண்ணிலேயே நின்றது. பரீட்சை முடிகிற வரைக்கும் வீக்க மாத்திரையை நிறுத்துவது. வண்டியில் திரும்பி வந்த அன்றே மறுபடி ஆரம்பிப்பது. பங்குனிக்குள் கால் வற்றிவிடும். மூச்சு வாங்காமல் படியேறிச் சேனை வைத்துவிடலாம். அவருக்கு அந்தக் கணக்கில் ஒரு பிசகும் தெரியவில்லை. ஜக்கம்மா இப்போது மகளைக் கவனிக்கிற மும்முரத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப்பக்கம் போய்விடுவாள். அவர் மடியில் கட்டிக்கொண்டுபோய் வாய்க்காலில் போட்டார். மூன்று தினுசையும் போட்டார்.

மாசி பாதியில் கால் வீங்கியது. படுக்கையை விட்டுச் சுவருக்கு வந்தார். "என்னப்பா, மறுபடியும் ஒக்காந்து தூங்குறீக?" என்று நாகஜோதி கேட்டதற்கு, "வெக்கையா இருக்கு ஆத்தா" என்றார்.

பரீட்சை அன்று கார்த்திக்ராஜ் காலை அமுக்கினார். கட்டைவிரல் முழுக்க உள்ளே போனது. "அப்படிப் போடு! பழையபடி வந்துட்டீரே பெருசு" என்று தோளில் தட்டினார். நடுக் கட்டில் கிடைத்தது.

சீட்டுப் போட்டதில் அவரைப் பார்க்க விழுந்த பிள்ளை ஷீபா என்கிற பொண்ணு. போடியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். அவள் கை சில்லென்று இருந்தது. எப்போதிருந்து மூச்சு முட்டுகிறது, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?"

"சாப்பிடுறேன் தாயி."

அவள் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். பெரிய டாக்டர் வந்தார். மருந்து சாப்பிட்டும் இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு நீர் கோத்திருக்கிறது என்று இங்கிலீசில் கேட்டார்; அவள் மருந்தின் அளவு போதவில்லை, கூட்ட வேண்டும் என்றாள். சுருளிக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. பெரிய டாக்டர் தலையை ஆட்டியது மட்டும் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷீபா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா, நல்லா செஞ்சிருக்கேன்னு சொன்னாங்க. ரொம்ப நன்றி ஐயா."

சுருளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்தாலும் பேசாமல் இருக்க முடியவில்லை. "எப்படித் தாயி, இந்தத் தடவ கால் நல்லா வீங்கியிருந்துச்சுல்ல? ஈரல் தட்டுப்பட்டுச்சுல்ல?"

"ஆமாங்கய்யா, எல்லாமே..."

"மாசி பொறந்ததுலேர்ந்து மாத்திரைய நிப்பாட்டிட்டேன்ல. போன வருசம் வத்திப் போயி வந்து எல்லாருக்கும் ஏமாத்தமாப் போச்சு. பிள்ளைக கஷ்டப்பட்டுப் படிச்சிட்டு வருதுகளே."

ஷீபாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் திரும்பி ஓடினாள். கார்த்திக்ராஜைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"யோவ், அறிவிருக்கா உனக்கு?" சிரிக்காத கார்த்திக்ராஜைச் சுருளி அன்றைக்குத்தான் பார்த்தார். வார்டே திரும்பிப் பார்த்தது. "மாத்திரைய நிறுத்தச் சொல்லி யாருய்யா சொன்னது? செத்துப் போயிருவய்யா!"

"நீங்கதானய்யா சொன்னீக."

"நானா? நான் எப்பய்யா சொன்னேன்?"

"வத்திப் போச்சுன்னு... போன தடவ நல்லா இருந்துச்சுன்னு சொன்னீகளே..."

கார்த்திக்ராஜ் ஷீபாவைப் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. "இந்த ஜனங்களை வச்சுக்கிட்டு..." என்று முணுமுணுத்து, உடனே அட்மிட் போடச் சொன்னார். ஷீபா ஊசி மருந்து எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சுருளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப் பித்தானைப் போட்டார். ஒவ்வொன்றாகப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே நடந்து, கம்பம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். ஷீபா மருந்தோடு வந்தபோது சலவை விரிப்பு மட்டும் கிடந்தது.

சின்னமனூரில் பஸ் நின்றது. தொண்டை வறண்டு வந்ததால் இறங்கி ஒரு பருத்திப்பால் வாங்கினார். சூடாக இருந்தது. வாய்க்குக் கொண்டுபோகும்போது டம்ளர் நழுவி விழுந்து சட்டையெல்லாம் கொட்டியது. கடைக்காரர், "என்ன பெரியவரே, பாத்துப் பிடிக்கக் கூடாதா?" என்றார். சுருளி குனிந்து டம்ளரை எடுக்கப் பார்த்தார். கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவருடைய கை இல்லை என்பது போலத் தொங்கியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று.

கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்களே, அந்த ரத்தம் நெஞ்சுக்குள் கட்டியாகி, ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது. அதே கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். மாத்திரையை நிறுத்தியது ஜக்கம்மாவுக்கு அங்கேதான் தெரிய வந்தது. மூன்றாம் நாள், சொன்ன தேதிக்கு முந்தியே, உத்தமபாளையத்தில் நாகஜோதிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஜக்கம்மா ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பஸ்ஸிலேயே கிடந்தாள். மாமியார் வீட்டார் வந்து சேனைக்கு ஆள் பார்த்தார்கள். உமர் பாருக் பாய் வண்டி பிடித்து வந்திருந்தார், "நல்ல மனுசரு, பாய விட்டு வைக்கச் சொல்வமா?" என்றுகூட ஒருத்தர் சொன்னாராம். நாகஜோதி அசையவில்லை.

"அப்பா வரட்டும்."

"பேச்சே வரல ஒங்கப்பனுக்கு. கையி வெளங்கல. யாரு ஆத்தா வைக்கிறது?" என்று ஜக்கம்மா அழுதாள்.

"வரட்டும்னு சொல்லிட்டேன்."

பால் குடித்தது பிள்ளை. சேனை மட்டும் வைக்கவில்லை. சுருளியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவரோடு சாக்குப் போட்டு உட்கார வைத்தபோது பிள்ளைக்கு முகத்தில் தெளிவு வந்திருந்தது. நாகஜோதி அதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். தலை நிறைய முடி, உள்ளங்கை ரெண்டும் இறுக மூடி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பால் வாசனையும் பவுடர் வாசனையுமாக. அதன் வாய் ஒரு சின்னக் கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியைப் பார்த்த சுருளிக்கு உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கோணிய முகத்தில் தெரியவில்லை.

இடது கையை நீட்டினார். ஜக்கம்மா மெதுவாகத் தடுத்தாள். "இடக் கையால வேணாம்யா."

நாகஜோதி கிண்ணத்தைக் கீழே வைத்து, அவருடைய வலது கையைத் தூக்கினாள். செத்த மீன் மாதிரி கனத்தது. காய்ப்பு எல்லாம் அப்படியே இருந்தது. ஆள்காட்டி விரலைப் பிரித்து, சீனித்தண்ணீரில் முக்கி, பிள்ளையின் உதட்டில் தொட்டு வைத்தாள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கியது. இன்னும் வேண்டும் என்று வாயைத் துழாவியது. சுருளிக்கு விரலில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஈரம், அந்த நாக்கு, ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆவணியில் மறுபடியும் ஒரு பரீட்சை வந்தது, பெயிலானவர்களுக்கு. பாய் கிட்டங்கிக்குப் போன் வந்தது: சுருளியை அனுப்ப முடியுமா, இப்போது வால்வோடு கை கால் விழுந்ததும் சேர்ந்திருப்பதால் பிள்ளைகளுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது, வண்டி வரும். பாய் அதை அப்படியே ஜக்கம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அவுக தலையில இடி விழ" என்று அவள் ஆரம்பித்தாள். ஆனால் சுருளி கேட்டுவிட்டார். இடது கையால் கொடியைக் காட்டினார். வெள்ளைச் சட்டை தொங்கியது. பருத்திப்பால் கறை போகவே இல்லை.

வேண்டாம் என்று ஜக்கம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கையை இறக்கவில்லை. கடைசியில் அவள் சட்டையைப் போட்டுவிட்டு, பித்தானை மாட்டி, தலையைச் சீவிவிட்டாள். "இங்கனயே ஒக்காந்திரு" என்று, தூங்கிக்கொண்டிருந்த பேரனைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். பிள்ளை மடியில் இருந்தால் எழ மாட்டார் என்று அவள் நினைப்பு.

வண்டியில் வந்தது ஷீபா. இப்போது அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். ஆளைக் கூட்டி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசலில் குனிந்து உள்ளே வந்தவள், சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்த மனுசரைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தாயி, கூட்டிட்டுப் போக வந்தியா?" என்று ஜக்கம்மா கேட்டாள்.

"ஆமாம்மா. அதுக்குத்தான் வந்தேன்." சட்டைக் கறையை மறுபடி பார்த்தாள். "கூட்டிட்டுப் போகல" என்றாள்.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிராத. நெஞ்சுக்குள்ள கேக்குற சத்தமெல்லாம் உங்களுக்குத் தெரியுது. ஒரு மனுசன் மாத்திரைய ஏன் முழுங்கல, ஏன் பொய் சொன்னாருன்னு கேக்கணும்னு உங்களுக்குச் சொல்லித் தர மாட்டாகளா?"

"சொல்லித் தந்தாங்கம்மா. மனுசங்க ஏன் இப்படி இருக்காங்க, எப்படிக் கேக்கணும், எப்படிப் பேசணும்னு தனியா வகுப்பே இருந்துச்சு. அதுக்குப் பரீட்சை கிடையாது. அதனால நாங்க யாரும் போகல."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். ஷீபா எழுந்து போய் அவனிடம் ஏதோ சொன்னாள். வண்டி தெரு நாய்களைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் போனது.

சுருளி அந்தச் சத்தத்தைக் கேட்டார். வண்டி தூரப் போகிற சத்தம். முகம் இறங்கியது. இந்தத் தடவையும் ஓரத்துக் கட்டில்தான் போலிருக்கிறது. உள்ளே திரும்பி வந்த பொண்ணின் கழுத்தைப் பார்த்தார். அங்கே குழாய் இல்லை. பையில் வைத்திருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, இடது கையைப் பேரன்மேல் படாமல் மெதுவாகத் தூக்கி, சட்டையின் மேல் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை. தடவித் தடவி ஒன்றைக் கழற்றினார். அடுத்ததற்குப் போனார்.

ஷீபா அவர் கையைப் பிடித்தாள். கழற்றிய பித்தானை மறுபடியும் மாட்டிவிட்டாள்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க ஐயா?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஜக்கம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஷீபா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடியும் முயற்சி செய்தார். மடியில் பேரன் தூக்கத்திலேயே கொட்டாவி விட்டான்.